தம்பி முதலாளி, அக்காள் தொழிலாளர் தலைவி

ஆமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குச் சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்த அனசூயா சாராபாய்

முதலாளியிடம் போய்ச் சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள் என்று கேட்பது எளிதான காரியம் அல்ல. கேட்பதற்கு முன்பு நாலு நாள் தூக்கம் வராது. கேட்டால் வேலைக்கே ஆபத்து வருமோ என்ற பயம் ஒரு பக்கம். கேட்காமல் இருந்தால் ஊருக்கு அனுப்பும் பணம் மாதத்துக்கு மாதம் குறைகிறதே என்ற கவலை மறு பக்கம். பிறந்த ஊரை விட்டு வந்து, வேறு பாஷை பேசும் ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பயம் இரண்டு மடங்கு.

முதலாளி, கூடப் பிறந்த தம்பியாகவும் இருந்துவிட்டால்?

அப்படி ஒரு நிலைமை ஒரு பெண்மணிக்கு வந்தது. தமக்காக அவர் கேட்கவில்லை. தம்பியின் ஆலையிலும் மற்ற ஆலைகளிலும் தறி ஓட்டிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்காகக் கேட்டார். கேட்டது கிடைத்தது. தம்பியின் அன்பும் கடைசி வரை நிலைத்தது. அந்தப் பெண்மணியின் பெயர் அனசூயா சாராபாய்.

பணக்கார வீட்டுப் பெண்

குஜராத்தில் உள்ள ஆமதாபாத் நகரம் ஒரு காலத்தில் இந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் பெற்றிருந்தது. எங்கு பார்த்தாலும் பஞ்சாலைப் புகைபோக்கிகள். குஜராத்தின் கிராமங்களில் இருந்து மட்டும் அல்லாமல், வெளி மாநிலங்களில் இருந்தும் மக்கள் அங்கே பிழைக்கப் போனார்கள். மணிநகர் பக்கத்தில் குடியேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு.

அந்த ஊரின் பெரிய ஆலை அதிபர் குடும்பங்களில் ஒன்று, சாராபாய் குடும்பம். ஜைன மதத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் 1885-ம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ந் தேதி அனசூயா பிறந்தார். தம்பி அம்பாலால், தங்கை காந்தா.

அனசூயாவுக்கு 9 வயது இருக்கும்போது தாயும் தகப்பனாரும் இறந்துபோனார்கள். மூன்று குழந்தைகளையும் சித்தப்பா வீட்டில் வளர்த்தார்கள். தாயில்லாத பிள்ளைகள் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு வளர்வது வழக்கம். அக்காளுக்கும் தம்பிக்கும் இருந்த பாசம் அப்படிப்பட்டது.

அந்தக் கால வழக்கப்படி, 13 வயதில் அனசூயாவுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அந்த வாழ்க்கை சரிப்படவில்லை. புகுந்த வீட்டை விட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். 19-ம் நூற்றாண்டின் கடைசியில், வசதியான வைதிகக் குடும்பத்துப் பெண் இப்படித் திரும்பி வந்தால், ஒரு மூலையில் உட்கார்ந்து காலத்தைக் கழிக்க வேண்டியதுதான். ஆனால் தம்பி அம்பாலால், அக்காளை மூலையில் உட்கார விடவில்லை. படிக்க வைத்தார். பெரியவர் ஆனதும் ஆலை நிர்வாகத்தை ஏற்றுக்கொண்ட அவர், 1912-ல் அக்காளை லண்டனுக்கு அனுப்பி வைத்தார்.

பிற்காலத்தில் தம்பியை எதிர்த்து நிற்கும் துணிவு அனசூயாவுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தம்பி கொடுத்த படிப்பில் இருந்துதான் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

லண்டனில் கற்ற பாடம்

டாக்டருக்குப் படிக்கத்தான் அனசூயா லண்டன் போனார். ஆனால் மருத்துவப் படிப்பில் உயிரினங்களை அறுத்துப் பார்க்க வேண்டும். ஜைன மதத்தில் பிறந்து, எறும்புக்கும் தீங்கு நினைக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவருக்கு அது ஒத்துவரவில்லை. டாக்டர் படிப்பை விட்டுவிட்டு, லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே வேறு ஓர் உலகம் அவருக்குத் தெரிந்தது. பேபியன் சங்கத்தார் ஏழை பணக்காரன் வேறுபாட்டைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் ஊர்வலம் போனார்கள். தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, முதலாளிகளுக்குச் சமமாக மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கூலியைப் பற்றிப் பேசினார்கள். கூலி என்பது முதலாளி பார்த்துக் கொடுக்கும் தருமம் அல்ல, பேசி முடிக்க வேண்டிய கணக்கு என்பதை அனசூயா அங்கேதான் கற்றார்.

குடும்பக் காரியமாக 1913-ல் ஊர் திரும்ப நேர்ந்தது. திரும்பியதும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். சாதி வேறுபாடு பார்க்காமல் குழந்தைகளைச் சேர்த்து, குளிப்பாட்டி, தலை வாரி, பாடம் சொல்லிக் கொடுத்தார். இது பணக்கார வீட்டுப் பெண்கள் பலரும் செய்யக்கூடிய தருமகாரியம்தான். அதோடு நின்றிருந்தால், இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

36 மணி நேர வேலை

ஒரு நாள் காலை. வீட்டு வாசலில் குழந்தைகளுக்குத் தலை வாரிக்கொண்டு இருந்தார். அந்த வழியாகப் பத்துப் பதினைந்து தொழிலாளர்கள் போனார்கள். தூக்கத்தில் நடப்பவர்களைப் போல அவர்கள் கால்கள் தள்ளாடின. முகத்தில் உயிர் இல்லை.

அனசூயாவுக்கு அவர்களில் யாரையும் தெரியாது. இருந்தாலும் கூப்பிட்டு, என்ன ஆயிற்று என்று விசாரித்தார். இரண்டு இரவும் ஒரு பகலுமாக, தொடர்ந்து 36 மணி நேரம் ஆலையில் வேலை செய்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குப் போகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

அனசூயா அதிர்ந்து போனார். அவர் சாப்பிடும் சாப்பாடு, உடுத்தும் உடை, லண்டனில் படித்த படிப்பு எல்லாமே ஆலைப் பணத்தில் வந்தவை. அந்தப் பணம் எப்படி வருகிறது என்பது அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அன்று முதல் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் போகத் தொடங்கினார். ஒரே அறையில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், வட்டிக் கடன் எவ்வளவு, பிள்ளைக்குப் பால் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டார். குஜராத்தி மொழியில் பென் என்றால் சகோதரி என்று பொருள். தொழிலாளர்கள் அவரை மோட்டா பென், அதாவது பெரிய அக்காள் என்று அழைத்தார்கள். ஆலை அதிபரின் அக்காள், ஆலைத் தொழிலாளர்களுக்கும் அக்காள் ஆனார்.

பிளேக் போனஸ்

1917-ம் ஆண்டு ஆமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. உயிருக்குப் பயந்து மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டு இருந்தது. வெளிநாட்டுத் துணி வரத்து குறைந்ததால் இந்திய ஆலைகளுக்கு நல்ல லாபம். அந்த நேரத்தில் தறிகள் நின்றால் நஷ்டம். அதனால் நெசவாளர்களைப் பிடித்து வைக்க முதலாளிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூலியோடு சேர்த்து பிளேக் போனஸ் கொடுத்தார்கள். சிலருக்கு அது கூலியில் 70, 80 சதவீதம் வரை இருந்தது.

பாவு ஓட்டும் தொழிலாளர்களுக்கு இந்த போனஸ் கிடைக்கவில்லை. அவர்கள் அனசூயாவிடம் வந்து முறையிட்டார்கள். 1917 டிசம்பரில் அனசூயா அவர்களுக்குத் தலைமை தாங்கினார். முதலாளிகளிடம் பேசினார், கடிதம் எழுதினார், நடுவர் வைத்துப் பேசி முடிப்போம் என்றார்.

காந்தியடிகள் 1915-ல் ஆமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கியிருந்தார். அதில் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்ததால், ஊரில் இருந்தவர்கள் பண உதவியை நிறுத்திவிட்டார்கள். ஆசிரமத்தை மூட வேண்டிய நிலை வந்தபோது, ஒருவர் காரில் வந்து 13 ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவர்தான் அம்பாலால் சாராபாய். ஆகவே காந்தியடிகளுக்கு இந்தக் குடும்பத்தில் அக்காளும் வேண்டியவர், தம்பியும் வேண்டியவர்.

அந்த டிசம்பர் மாதத்திலேயே காந்தியடிகள் அம்பாலாலுக்குக் கடிதம் எழுதினார். தொழிலாளிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் மகிழ்ச்சி அல்லவா அடைய வேண்டும், அனசூயாவைப் போன்ற சகோதரியின் மனம் வருந்த நீங்கள் காரணமாகலாமா என்ற கருத்தில் அது அமைந்திருந்தது.

அடுத்த மாதமே அதைவிடப் பெரிய தகராறு வந்தது.

பாதியாகிப் போன வருமானம்

1918 ஜனவரியில் பிளேக் தணிந்தது. முதலாளிகள் போனசை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 20 ரூபாய் கூலி வாங்கும் நெசவாளி ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீத போனசோடு சேர்த்து அவர் கைக்கு 35 ரூபாய் வந்திருக்கும். போனஸ் நின்றதும் பழையபடி 20 ரூபாய். ஆனால் போர்க்கால விலைவாசி பழையபடி இறங்கவில்லை. தானியம், துணி, எண்ணெய் எல்லாம் ஏறிய இடத்திலேயே நின்றன.

போனஸ் இல்லாவிட்டாலும் விலைவாசிக்கு ஏற்ப 50 சதவீதமாவது உயர்த்திக் கொடுங்கள் என்று நெசவாளர்கள் கேட்டார்கள். 20 சதவீதத்துக்கு மேல் முடியாது என்றார்கள் முதலாளிகள்.

நெசவாளர்கள் மோட்டா பென்னிடம் வந்தார்கள். முதலாளிகளின் பக்கம் முன்னால் நின்றவர் யார்? தம்பி அம்பாலால்தான்.

அனசூயா தயங்கவில்லை. தொழிலாளர் பக்கம் நின்றார். காந்தியடிகள் அப்போது பீகாரில் சம்பாரண் விவசாயிகளின் பிரச்சினையைக் கவனித்துக்கொண்டு இருந்தார். தொழிலாளர் நிலைமை பற்றி அனசூயா அவருக்கு எழுதினார். ஆமதாபாத் கலெக்டரும் காந்தியடிகள் தலையிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கேட்பதற்கு முன் கணக்கு

பிப்ரவரி மாதம் ஒரு மத்தியஸ்தக் குழு அமைந்தது. முதலாளிகள் தரப்பில் அம்பாலால் உள்பட 3 பேர். தொழிலாளர் தரப்பில் காந்தியடிகள், வல்லபாய் பட்டேல், சங்கர்லால் பாங்கர் ஆகிய 3 பேர். கலெக்டர் நடுவர்.

குழு வேலையைத் தொடங்கும் முன்பே, விஷயம் சரியாகத் தெரியாமல் சில ஆலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். தவறு தொழிலாளர்கள் மீது. காந்தியடிகள் வருத்தம் தெரிவித்தார். ஆனால் முதலாளிகள் அதையே காரணம் காட்டி மத்தியஸ்தத்தில் இருந்து விலகிக்கொண்டார்கள். பிப்ரவரி 22-ந் தேதி ஆலைகளில் கதவடைப்பு செய்தார்கள்.

இந்த நேரத்தில் தொழிலாளர் தரப்பு செய்த காரியம் கவனிக்கத்தக்கது. உடனே கோஷம் போட்டு ஊர்வலம் போகவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். பம்பாய் ஆலைகளில் இதே வேலைக்கு என்ன கூலி? ஆமதாபாத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது? ஒரு குடும்பம் உயிர் வாழ எவ்வளவு வேண்டும்? முதலாளிகளால் எவ்வளவு தாங்க முடியும்?

எல்லாம் பார்த்ததில், 35 சதவீத உயர்வு நியாயம் என்று முடிவுக்கு வந்தார்கள். 50 கேட்டவர்களிடம் போய் 35 போதும் என்று சொல்வது சுலபம் அல்ல. ஆனாலும் அனசூயாவும் காந்தியடிகளும் தொழிலாளர்களிடம் எடுத்துச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பேரம் பேசுவதற்காக ஏற்றிச் சொன்ன தொகை அல்ல அது. அதற்கு ஒரு பைசா குறைந்தாலும் நியாயம் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய தொகை.

35 சதவீதம் கிடைக்கும் வரை வேலைக்குத் திரும்புவது இல்லை, கலகம் செய்வது இல்லை, யாரையும் அடிப்பது இல்லை, முதலாளியின் சொத்துக்குச் சேதம் செய்வது இல்லை என்று தொழிலாளர்கள் சத்தியம் செய்துகொண்டார்கள்.

சபர்மதிக் கரை மரத்தடியில்

சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரம். அதன் அடியில் தினமும் கூட்டம். ஆயிரக்கணக்கான நெசவாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தினம் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியாகும். அது அனசூயாவின் பெயரில் வந்தது. வேலை இல்லாத நாட்களில் என்ன செய்யலாம், முதலாளி நமக்கு எதிரி அல்ல, வேறு கைத்தொழில் கற்றுக்கொள்ளலாம் என்றெல்லாம் அந்தப் பிரசுரங்கள் எடுத்துச் சொல்லின. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

காலையிலும் மாலையிலும் அனசூயாவும் சங்கர்லால் பாங்கரும் குடியிருப்புகளைச் சுற்றி வந்தார்கள். நோயாளிக்கு மருந்து, பட்டினி கிடப்பவர்களுக்கு வேலை என்று தேடித் தேடிச் செய்தார்கள். யாருக்கும் இலவசமாகப் பணம் கொடுப்பது இல்லை என்பது ஏற்பாடு. அப்போது ஆசிரமத்தில் நெசவுப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டு இருந்தது. அதன் அஸ்திவாரத்தை நிரப்ப ஆற்று மணல் வேண்டும். தொழிலாளர்களுக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

தறி ஓட்டிய கை கூடை தூக்கக் கூச்சப்படுமே! அதற்கும் அனசூயா வழி காட்டினார். கோடீசுவரக் குடும்பத்தில் பிறந்த அந்த அம்மையார், மணல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக நடந்தார். அவருக்குப் பின்னால் தொழிலாளர்கள் வரிசையாக நடந்தார்கள்.

முதலாளிகளின் பிடிவாதத்துக்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. நாங்களும் தொழிலாளர்களும் தகப்பன் பிள்ளை போல, இதில் மூன்றாவது ஆள் ஏன் வர வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதம். இந்த முறை வெளியாருக்கு இணங்கிவிட்டால், இனி ஒவ்வொரு முறையும் வெளியார் வருவார்கள் என்று நினைத்தார்கள். 20-க்கும் 35-க்கும் இடையே இருந்த 15 சதவீதத்தைவிட, அவர்களுடைய கௌரவம்தான் பெரிய தடையாக நின்றது.

கண்ணீரும் உண்ணாவிரதமும்

இரண்டு வாரம் கடந்தது. கையில் இருந்த காசு தீர்ந்தது. மார்ச் 12-ந் தேதி முதலாளிகள் கதவடைப்பை நீக்கினார்கள். 20 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்பவர்கள் உள்ளே வரலாம் என்று அறிவித்தார்கள். சிலர் உள்ளே போகத் தொடங்கினார்கள். மரத்தடிக் கூட்டம் மெலிந்தது.

கூட்டத்துக்கு வரும்படி கூப்பிடப் போனவரிடம் தொழிலாளர்கள் மனக்கசப்பைக் கொட்டினார்கள். காந்திக்கும் அனசூயாவுக்கும் என்ன, காரில் வருகிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள், பட்டினி கிடப்பது நாங்கள் அல்லவா என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. அனசூயாவால் அதை மறுக்க முடியாது. எவ்வளவு மணல் சுமந்தாலும், இரவில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர்கள் வீட்டில் எரியவில்லை.

மார்ச் 15-ந் தேதி காலைக் கூட்டத்தில், தொழிலாளர்கள் சத்தியத்தைக் காப்பாற்றும் வரை, அல்லது முடிவு ஏற்படும் வரை தாம் உணவைத் தொடப் போவது இல்லை என்று காந்தியடிகள் அறிவித்தார். கூட்டம் திடுக்கிட்டது. அனசூயாவின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. நீங்கள் வேண்டாம், நாங்கள் உண்ணாவிரதம் இருக்கிறோம் என்று தொழிலாளர்கள் கதறினார்கள். அனசூயாவும் அன்று சாப்பிடவில்லை. காந்தியடிகள்தான் அவரையும் மற்றவர்களையும் சமாதானப்படுத்தி, உண்ணாவிரதத்தைக் கைவிடச் செய்தார்.

இந்த உண்ணாவிரதத்தில் ஒரு குறை இருந்தது என்பதைக் காந்தியடிகளே பிறகு ஒப்புக்கொண்டு எழுதினார். முதலாளிகள் அவருக்கு நண்பர்கள். அவர் பட்டினி கிடந்தால், கணக்குப் பார்த்து அல்ல, அவர் மீது வைத்த அன்பினால் அவர்கள் இறங்கி வருவார்கள். அது ஒரு வகையில் கட்டாயம் ஆகிவிடும் அல்லவா?

ஆனால் சோர்ந்திருந்த தொழிலாளர்கள் அன்றே நிமிர்ந்தார்கள். முதலாளிகளும் இளகினார்கள். அனசூயாவின் வீடே பேச்சுவார்த்தை நடக்கும் இடம் ஆயிற்று.

இரண்டு சத்தியமும் நிலைத்தது

இங்கே ஒரு சிக்கல். 35-க்குக் குறைந்து வாங்க மாட்டோம் என்று தொழிலாளர்கள் சத்தியம் செய்திருந்தார்கள். 20-க்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று முதலாளிகளும் சபதம் போட்டிருந்தார்கள். யார் தோற்பது?

யாரும் தோற்க வேண்டாம் என்று ஒரு வழி கண்டார்கள். மார்ச் 18-ந் தேதி உடன்பாடு ஏற்பட்டது. வேலை தொடங்கும் முதல் நாள் 35 சதவீத உயர்வு. தொழிலாளர் சத்தியம் நிறைவேறியது. இரண்டாம் நாள் 20 சதவீதம். முதலாளிகள் சபதம் நிறைவேறியது. மூன்றாம் நாள் முதல், நடுவர் தீர்ப்பு வரும் வரை இரண்டுக்கும் நடுவே 27½ சதவீதம். நடுவராகப் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா நியமிக்கப்பட்டார்.

20 ரூபாய் நெசவாளியின் கணக்கில் சொன்னால், உயர்வு 7 ரூபாயா 4 ரூபாயா என்ற சண்டை, தீர்ப்பு வரும் வரை 5 ரூபாய் 8 அணா என்று நின்றது. அந்த ஆகஸ்டில் நடுவர் தீர்ப்பு வந்தது. தொழிலாளர்கள் கேட்டது நியாயம், 35 சதவீதம் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

உடன்பாடு ஏற்பட்ட மகிழ்ச்சியில், முதலாளிகள் தொழிலாளர்களுக்கு மிட்டாய் வழங்கினார்கள். அதே மரத்தடியில் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. விஷயம் தெரிந்து ஊரில் உள்ள பிச்சைக்காரர்கள் எல்லாம் அங்கே திரண்டுவிட்டார்கள். தள்ளுமுள்ளில் பாதி மிட்டாய் மண்ணாகிப் போயிற்று. மீதியை மறுநாள் கொடுத்த இடம், அம்பாலாலின் பங்களா. ஒரு மாதமாக எதிர் எதிரே நின்றவர்கள், எதிராளி வீட்டு வாசலில் மிட்டாய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சங்கம் பிறந்தது

ஆமதாபாத் தகராறு முடிந்த அடுத்த மாதம், 1918 ஏப்ரலில், சென்னையில் பி.பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதில் முன்னின்று உழைத்தார். தொழிலாளி தனியாகப் போய்க் கேட்கும் காலம் போய், சேர்ந்து கேட்கும் காலம் நாடெங்கும் வந்துகொண்டு இருந்தது.

1920 பிப்ரவரி 25-ந் தேதி அனசூயாவின் வீட்டில், காந்தியடிகள் முன்னிலையில், ஆமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. மஜூர் மகாஜன் என்பது அதன் குஜராத்திப் பெயர். அனசூயா தலைவி. பிற்காலத்தில் இரண்டு முறை தற்காலிகப் பிரதமராக இருந்த குல்சாரிலால் நந்தா, பல ஆண்டு அதன் செயலாளராக வேலை செய்தவர்.

தொழிலாளியின் குறை எதுவானாலும் முதலில் எழுதிப் பதிவு செய்வது இந்தச் சங்கத்தின் வழக்கம். சங்க ஊழியர் ஆலைக்குப் போய் விசாரிப்பார். குறை உண்மை என்றால் மானேஜரிடம் பேசுவார். அங்கே தீராவிட்டால் முதலாளிகள் சங்கத்துக்குப் போகும். அங்கும் தீராவிட்டால் மத்தியஸ்தர்கள். முதலாளிகள் சார்பில் மங்கள்தாஸ் சேட், தொழிலாளர் சார்பில் காந்தியடிகள். வேலை நிறுத்தம் என்பது எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்த பிறகு கையில் எடுக்கும் கடைசி ஆயுதம்.

எல்லா முறையும் வெற்றி கிடைக்கவில்லை. 1923-ல் வியாபாரம் மந்தமானதும் முதலாளிகள் கூலியைச் சுமார் 15 சதவீதம் வெட்டினார்கள். தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலை நிறுத்தம் செய்தார்கள். பலன் இல்லை. வெட்டிய கூலிக்கே வேலைக்குத் திரும்பினார்கள். காந்தியடிகள் அப்போது சிறையில் இருந்தார். பலர் சங்கத்தை விட்டுப் போனார்கள். அனசூயா போகவில்லை. ஆள் குறைந்த சங்கத்தை மறுபடியும் ஒவ்வொரு வீடாகப் போய்த் திரட்டினார். வெட்டிய கூலியில் ஒரு பகுதியை 1929-ல் மத்தியஸ்தத்தின் மூலம் திரும்பப் பெற்றார்கள். கேட்டது கிடைக்க ஆறு ஆண்டு ஆயிற்று.

சங்கம் கூலியோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, குறைந்த வட்டிக்குக் கடன் என்று தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் வந்தது. தொழிலாளர் வீட்டுப் பெண் குழந்தைகளுக்காக 1927-ல் கன்யாகிருகம் என்ற நிலையத்தை அனசூயா தொடங்கினார்.

அக்காளும் தம்பியும்

இவ்வளவுக்கும் நடுவே அக்காள் தம்பி உறவு முறியவில்லை. அம்பாலால் அக்காளை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. அக்காளும் தம்பியை ஒரு கூட்டத்திலாவது இழிவாகப் பேசவில்லை. கணக்கில் சண்டை, மனதில் சண்டை இல்லை.

அம்பாலாலின் பிள்ளைகள் இந்த அத்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர்தான் இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை என்று புகழ் பெற்ற விக்ரம் சாராபாய். அவர் 1942-ல் மணந்துகொண்டது சென்னைப் பெண்ணை. நாட்டியக் கலைஞர் மிருணாளினி, நேதாஜியின் படையில் இருந்த காப்டன் லட்சுமியின் தங்கை.

1972 நவம்பர் 1-ந் தேதி, 87-வது பிறந்த நாளுக்கு 10 நாள் இருக்கும்போது அனசூயா காலமானார். அதே ஆண்டில்தான், அவருடைய சங்கத்தில் வேலை பார்த்த இளா பட், சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். தலைச்சுமை தூக்குபவர், காய்கறி விற்பவர், வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுப்பவர் போன்ற, நிலையான முதலாளி இல்லாத பெண்களுக்காக ஏற்பட்ட சங்கம் அது. அனசூயா ஊன்றிய விதைக்கு இன்னொரு கிளை.

ஆமதாபாத் ஆலைகளில் பெரும்பாலானவை 1980-களிலும் அதன் பிறகும் மூடப்பட்டுவிட்டன. புகைபோக்கிகள் பல இடிந்துவிட்டன. ஆனால் சம்பளம் போதவில்லை என்று இன்றும் ஏதோ ஒரு கம்பெனியில், ஏதோ ஓர் ஆபீசில், ஒருவர் மானேஜர் அறைக் கதவின் முன் நின்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர் உள்ளே போகும் முன், அனசூயாவின் கணக்கை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது, இதே வேலைக்கு மற்ற இடத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். நியாயமான தொகையைக் கேட்கலாம். கேட்கும்போது குரலை உயர்த்த வேண்டியது இல்லை. தலையைக் குனியவும் வேண்டியது இல்லை. கொடுக்கிறவரும் கௌரவத்தோடு கொடுக்க ஒரு வழியை விட்டு வைக்கலாம்.

முதல் முறை கிடைக்காமல் போகலாம். மோட்டா பென்னுக்கும் 1923-ல் கிடைக்கவில்லை.